நிறைகுடத்தை அசைக்காமல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. என் தொழிலை ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு அவர்கள் பொறுமையைப் பற்றிக் கதைக்கட்டும். கண்காட்சிகளில் கம்பனிகளுக்கு ஸ்டோல் வடிவமைத்துக் கொடுக்கிறேன். மூன்று பக்கம் பலகை, மேலே லைட், நடுவில் சாமான், இதற்கு ஒரு ஆள் வேணுமோ என்று முதலில் கேட்பார்கள். அடுத்த நாளே அப்பாவின் படத்துக்கு ஒரு மூலை, கிடைத்த கேடயங்களுக்கு ஒரு அலுமாரி, மருமகன் உட்கார ஒரு சோபா என்று வந்து நிற்பார்கள். கடைசியில் விற்கவேண்டிய சாமானை வைக்க இடம் இராது. இப்படிப்பட்ட சோபாக்களோடு சண்டை பிடித்தே எனக்குத் தலை நரைத்தது.

கொட்டாஞ்சேனை முதலாளி சோபா கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு. அதைச் சொல்வதற்கு முன் அவரையும் அவருடைய மனைவியையும் பற்றிச் சொல்லவேண்டும்.

கோயிலையும் தேவாலயத்தையும் தாண்டித் துறைமுகப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் அவர்களுடைய பட்டறை இருந்தது. கீழே பட்டறை, மேலே வீடு. இடியப்பம் பிழிகிற மின்சார இயந்திரம் செய்கிறார்கள். சாப்பாட்டுக் கடைகள், கலியாண மண்டபங்கள், விடுதிகள் எல்லாம் வாங்கும். முதலாளியின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. அவர் துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்த காலத்தில், மனைவி வீட்டில் இடியப்பம் அவித்துப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். நாள் தவறாமல் உரலை அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வீங்கி, ஒரு கட்டத்தில் தன் தலைமயிரைக்கூடப் பின்ன முடியாமல் போய்விட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் முதலாளி முதல் இயந்திரத்தைச் செய்தார். செய்து முடித்ததும் அதன் நெற்றியில் மனைவியின் பெயரை எழுதினார். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அக்காவிடம் கேட்காமல் எழுதினால் அடுத்த தடவை கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது எனக்குத் தேத்தண்ணீர் கிடைக்காது.

அந்தப் பெயரோடு வெளியே போன இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிறகு ஒரு பெரிய விநியோகக் கம்பனி வந்தது. செய்கிற எல்லாவற்றையும் நாங்களே எடுக்கிறோம், ஆனால் எங்கள் லேபலைத்தான் ஒட்டவேண்டும் என்றது. பிள்ளைகள் படிக்கிற காலம். முதலாளி சரி என்றார். அன்றிலிருந்து அக்காவின் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் பளபளத்தது. நாடு முழுக்க அந்த இயந்திரத்தில் பிழிந்த இடியப்பத்தைச் சாப்பிட்டார்கள். அதைச் செய்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் போன நேரம் அந்த ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். விநியோகக் கம்பனியின் மேலாளர் புதிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சொந்தப் பெயரில் ஒரு இயந்திரம்கூட இனி விற்கக்கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை. முதலாளி, உணவுத்தொழில் கண்காட்சி முடியும்வரை தவணை கேட்டிருந்தார். அங்கே அக்காவின் பெயரில் ஒரு ஸ்டோல் போட இடமும் எடுத்திருந்தார்.

"ஒரே ஒரு தடவ எங்க பேர்ல நின்னு பாக்கிறோம் மிஸ்," என்றார். "டீலருங்க யாராச்சும் எடுத்தாங்கன்னா சரி. இல்லாட்டி கையெழுத்த போட்டுட்டு நான் பாட்டுக்கு வேலையப் பாக்கிறேன்."

அக்கா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். "பேரு கெடக்கட்டும். பட்டறை ஓடணும்ல," என்றார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்குள் ஏதோ ஏறியது. என் தொழிலிலும் அப்படித்தான். கண்காட்சி முடிந்து பலகைகளைக் கழற்றும்போது, இதை யார் வரைந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கிடக்கட்டும் என்றுதான் வெளியே சொல்வேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவேன். எனவே அந்த மாடிப்படிக்குக் கீழேயே முடிவெடுத்தேன். இந்தப் பெயர் அந்த மண்டபத்தின் வாசலில் கால் வைக்கிறவன் கண்ணில் முதலில் பட வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு மூலை. முன்னால் பெரிய நடைபாதை, வலப்பக்கம் ஒரு சின்ன நடைபாதை. மூலை கிடைப்பது அதிர்ஷ்டம், இரண்டு பக்கமும் திறந்திருக்கலாம். நான் அந்தச் சின்ன நடைபாதைப் பக்கத்தை ஒரு முழுப் பலகையால் மூடினேன். மண்டபத்தின் பிரதான வாசலிலிருந்து வருகிறவர்களுக்கு நேரே தெரிவது அந்தப் பக்கம்தான். பலகை முழுவதும் அக்காவின் பெயர், மூன்று மொழிகளில், பின்னாலிருந்து வெளிச்சம். உள்ளே வயர்களை மறைக்க ஒரு சாண் உயரத்தில் மேடை, மேடைக்கு வெள்ளைக் கம்பளம். நடுவில், தனியாக ஒரு விளக்கின் கீழே, இயந்திரம். வெள்ளை என்னுடைய யோசனை. உணவு இயந்திரம், சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். படத்தை விரித்துக் காட்டியபோது முதலாளி நெடுநேரம் பார்த்தார். அக்கா தன் பெயரில் இருந்த முதலெழுத்தை மட்டும் விரலால் தொட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

"எல்லாம் நல்லாருக்கு மிஸ். எனக்கு ஒரே ஒரு ஆசதான்," என்றார் முதலாளி. "வாசல்ல ஒரு நெறகுடம்."

நான் சரி என்றேன். நிறைகுடம் இல்லாமல் நம்மவர்கள் எந்த நல்ல காரியத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு சின்னச் செம்பு, ஒரு தேங்காய், ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரியது என்று கேட்காமல் விட்டேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன்.

கண்காட்சி தொடங்குகிற காலை, நல்ல நேரம் பார்த்து, முதலாளி ஓட்டோவில் வந்து இறங்கினார். நான் கட்டிப்பிடித்தாலும் கைக்குள் அடங்காத ஒரு பித்தளைக் குடம். இடுப்புயரத்துக்கு இரண்டு குத்துவிளக்குகள். வாழையிலை, அரிசி, மாவிலை, சந்தனக் கிண்ணம், குங்குமம், பூத்தட்டு. மண்டபத்தில் நெருப்பு மூட்டக்கூடாது என்று பாதுகாப்பு அதிகாரி வந்து நின்றார். முதலாளி சிரித்துக்கொண்டே விளக்கின் அடியில் ஒரு சுவிட்சைத் தட்டினார். பற்றரியில் எரிகிற திரிகள். அசல் சுடர்போலவே ஆடின. அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் போனார். வாசலின் நட்டநடுவில் குடம் ஏறியது, இரு பக்கமும் விளக்கு, முன்னால் ஒட்டுகிற காகிதத்தில் பெரிய கோலம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தேங்காயை வைத்துக் கும்பிட்டுவிட்டார். கும்பிட்ட பிறகு என்ன கதைப்பது.

சனம் வரத் தொடங்கியது. நல்ல சனம், கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள். எங்கள் ஸ்டோலை நோக்கி ஆவலாகத்தான் வந்தார்கள். கோலத்தின் விளிம்பில் வந்து நின்றார்கள். வெள்ளைக் கம்பளத்தைப் பார்த்தார்கள், குடத்தைப் பார்த்தார்கள், விளக்கைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் காலைப் பார்த்தார்கள். ஒரு வயதானவர் கைகூப்பிவிட்டு அடுத்த ஸ்டோலுக்குப் போனார். ஒரு இளம் தம்பதி குனிந்து சந்தனம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, சந்தோசமாக அப்படியே போனார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பூத்தட்டில் காசு போட்டான். ஒரு சிங்களப் பெண்மணி மட்டும் நின்று, என்னிடம் மெதுவாக, "சப்பாத்து கலவன்ன ஓனெத?" என்று கேட்டார். சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்கிறார். இல்லை, அப்படியே வாருங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் கம்பளத்தின் வெள்ளையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோலச் சிரித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் வரை ஒரு ஆள் உள்ளே ஏறவில்லை. நம்புங்கள், ஒரு ஆள் இல்லை. வந்த வழியே எல்லாரும் பக்தியோடு போனார்கள். முதலாளி தேய்த்த சட்டையோடு இயந்திரத்துக்குப் பக்கத்தில் கோயில் தர்மகர்த்தா மாதிரி நின்றார். கையில் விசிற்றிங் காட் கட்டு பிரிக்காமல் இருந்தது. அக்கா கதிரையில் உட்கார்ந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய நடைபாதைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் அந்த விநியோகக் கம்பனியின் ஸ்டோல். அங்கே, ஒரு சுழலும் மேடையில், அக்காவின் இயந்திரம் அவர்களுடைய லேபலோடு சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் கொடுக்கவில்லை, சும்மா சுற்றியது. ஆனால் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். பின்னேரம்போல மேலாளர் கோப்பிக் கோப்பையோடு எங்கள் பக்கம் வந்தார். நல்ல கோட், கட்டுக்கயிறு போட்டுப் பளபளக்கிற சப்பாத்து. அவரும் கோலத்துக்கு வெளியேதான் நின்றார்.

"நல்லா இருக்கு. கோயில் மாதிரியே இருக்கு," என்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, "நீர் யோசியும். எக்சிபிஷன் முடிய நான் பேப்பரோட வாறன்," என்றார்.

தன்னைவிட வயதில் மூத்த மனிதரை நீர் என்கிறார். முதலாளி எழுந்து நின்று, "சரிங்க சேர்," என்றார். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மேலாளர் கோயில் என்று சொன்னது உண்மை. நான் கடை வரைந்தேன், முதலாளி குடம் வைத்தார், இரண்டும் சேர்ந்து சன்னிதானமாகிவிட்டது. செருப்போடு ஏற யாருக்கு மனம் வரும். எனக்கே வராது.

மேலாளர் போனதும் முதலாளியிடம் போனேன்.

"முதலாளி, குடத்தை எடுத்து உள்ளுக்கு ஒரு மூலையில வைப்பம். சனம் பயப்பிடுது."

"அது மட்டும் முடியாது மிஸ். வச்ச நெறகுடத்த காரியம் முடியிறதுக்குள்ள அசைக்கக் கூடாது."

"அப்ப விளக்கையாவது எடுப்பம். பற்றரி விளக்குக்கு என்ன சாத்திரம்?"

"வெளக்கு பற்றரியா இருக்கலாம். கொடத்துல இருக்கிறது நெசத் தண்ணிதானே," என்றார் அவர்.

சத்தம் போட்டேன். பக்கத்து ஸ்டோல்காரர்கள் பிஸ்கட் அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். அவர் அசையவில்லை. குடமும் அசையவில்லை. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வெள்ளவத்தையில், காலி ஊருக்குப் போகிற காலி வீதியில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது வழக்கமான கொத்துரொட்டிக் கடையைத் தாண்டவேண்டும். இரும்புக்கல்லைத் தெருவைப் பார்த்தபடி, நடைபாதை ஓரத்திலேயே போட்டிருப்பார்கள். இரண்டு தகட்டையும் கையில் பிடித்து அந்த ஆள் கொத்துகிற சத்தம் பஸ் நிலையம் வரை கேட்கும். அன்றும் பஸ்ஸுக்கு நின்றவர்கள், மீன் வாங்கிக்கொண்டு போனவர்கள், ரியூசன் விட்டு வந்த பிள்ளைகள், எல்லாரும் அந்தக் கல்லைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைக்குள் இருந்த மேசைகள் காலி. ஒருவரும் உள்ளே போகவில்லை, போகத் தேவையும் இல்லை. விற்பனை முழுவதும் வாசலிலேயே நடந்தது. நானும் நின்றேன். நிற்க நிற்க எனக்குள் கோபம் இறங்கி வேறொன்று ஏறியது. சனத்தை உள்ளே கூப்பிட நான் ஏன் சாகிறேன். இயந்திரம் வெளியே போகட்டும்.

ஆனால் முன்வாசலில் குடம் இருக்கிறது. பின்னால் வேறு ஸ்டோல். மிச்சம் இருப்பது வலப்பக்கம், அந்தச் சின்ன நடைபாதை. அதை மூடிக்கொண்டு நிற்பது அக்காவின் பெயர்.

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னால் நம்பலாம். இந்தப் பெயருக்காகத்தான் எல்லாமே. அதைக் கழற்று என்று எந்த வாயால் சொல்வது.

காலையில் மண்டபம் திறக்க முன்பே போய், சுற்றிவளைக்காமல் முதலாளியிடம் சொன்னேன். "குடம் அதே இடத்தில இருக்கட்டும், நான் தொடமாட்டன். ஆனா ஸ்டோலை நாங்கள் திருப்புவம். பெயர்ப் பலகையைக் கழட்டினா அந்தப் பக்கம் முழுக்கத் திறந்திடும். மெஷினை அந்த விளிம்பில வைச்சு ஓடவிடுவம். ஒருத்தரும் மேடையில ஏறத் தேவையில்லை. முன்வாசல் சாமிக்கு, பக்கவாசல் வியாபாரத்துக்கு."

முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. "பேருக்காகத்தானே மிஸ் வந்தோம். பேர எறக்கிட்டு அப்புறம் எதுக்கு நிக்கிறோம்?"

கொத்துரொட்டிக் கடையைப் பற்றி ஏதோ உளறினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மண்டபம் திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அக்கா எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினார். "நேத்து பூரா அது அங்கதான் இருந்துச்சு. எத்தன பேரு படிச்சாங்க?" என்று கணவனைக் கேட்டார். "எறக்குங்க," என்றார் அக்கா. "எம் பேரத்தான எறக்கச் சொல்றேன். ஒங்க பேரயா?"

கூட வந்திருந்த பட்டறை ஆட்கள் திருகாணிகளைக் கழற்றினார்கள். பலகை சாய்ந்தபோது பின்னால் இருந்த வெளிச்சம் நேரே எங்கள் கண்ணில் அடித்தது. கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆறடிக்கு மேலே நீளம், சுவரில் சாய்த்தால் பாதி ஸ்டோல் போய்விடும், நிலத்தில் போட்டால் மிதிபடும். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். இயந்திரங்கள் வந்த மரப்பெட்டிகள் இருந்தன. அவற்றை விளிம்போடு வரிசையாக அடுக்கி, பலகையை மேலே படுக்க வைத்தோம், எழுத்து மேலே பார்த்தபடி. மேசையாகிவிட்டது. இயந்திரத்தை அதன் ஒரு முனையில் ஏற்றினோம். மறுமுனையில், உள்ளே வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டவென்று கொண்டுவந்து நேற்று முழுக்கத் திறக்காமலே கிடந்த மாவும் மின்சார ஸ்டீமரும். நடுவில் அக்கா.

கொதிதண்ணீர் விட்டு மாவைக் குழைக்கும்போது அக்கா குனிந்து பார்த்தார். "எம் பேரு மேலயே மாவு கொட்டுறேன்," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

சுவிட்சைப் போட்டார் முதலாளி. அந்த இயந்திரத்துக்கு ஒரு சத்தம் உண்டு, முதலில் ஒரு முனகல், பிறகு சீரான ஒரு தாலாட்டு. வெள்ளை நூல்கள் இறங்கின. தட்டு சுற்றச் சுற்ற இடியப்பம் வட்டமாக விழுந்தது. அடுத்துச் சிவப்பு அரிசி மாவில் ஒன்று, குரக்கன் மாவில் ஒன்று. ஸ்டீமரைத் திறந்தபோது ஆவி மேலே எழுந்து நடைபாதை முழுக்க அவித்த மாவின் வாசம் பரவியது. அன்றும் வீட்டிலிருந்து வாளியில் கொண்டுவந்த தேங்காய்ச் சம்பலை அக்கா காகிதத் தட்டில் வைத்தார்.

முதலில் ஒருவர் நின்றார். அவரைப் பார்த்து இருவர் நின்றார்கள். அதற்குப் பிறகு எனக்கு எண்ண நேரம் இல்லை. சின்ன நடைபாதை அடைத்துவிட்டது. ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டுவிட்டு, அவரும் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார். நேற்றுச் சப்பாத்தைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்மணியும் வந்தார். இன்று கேள்வியே இல்லை, நேரே சம்பலைத்தான் கேட்டார். இரண்டு கலியாண மண்டபங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. இது யாருடைய மெஷின்? முதலில் அக்காவுக்கு வெட்கம். தன் பெயரைத் தானே எப்படிச் சொல்வது. மாவு அப்பிய விரலால் மேசையைத் தட்டிக் காட்டினார். சனம் தட்டைத் தூக்கிக்கொண்டு, குனிந்து, ஆவிக்கும் மாவுக்கும் இடையில் அந்தப் பெயரை மூன்று மொழியிலும் வாசித்தது. நேற்று சனத்தின் தலைக்கு மேலே எழும்பி நின்றபோது ஒருவரும் வாசிக்காத பெயர். கொஞ்ச நேரத்தில் காட்டிக் காட்டிக் கை களைத்தோ என்னவோ, வாயால் சொன்னார். பின்னேரம் ஆனபோது யாரும் கேட்காமலே கூவிச் சொல்லிக்கொண்டிருந்தார். "எம் பேர்தாங்க, எனக்காகத்தான் செஞ்சாரு," என்று ஒரு மட்டக்களப்பு வியாபாரியிடம் சொல்லும்போது முதலாளி வெட்கப்பட்டு ஸ்டீமருக்குப் பின்னால் போய்விட்டார். விசிற்றிங் காட் முடிந்துபோனது. காகிதத் தட்டுகளின் பின்பக்கத்தில் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

கண்டியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மா கூட்டத்துக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தலைசுற்றுகிறதோ என்று நான் பயந்துபோய்க் கேட்டேன்.

"இல்ல மகள், சத்தத்த கேக்கிறேன். என் கடையில நாலு வருசமா இதே சத்தந்தான்," என்றார். பிறகு முன்னால் வந்து இயந்திரத்தின் வாயைத் தடவிப் பார்த்தார். "இது என் மெஷின். ஆனா அதில வேற பேரு ஒட்டியிருக்கே?"

முதலாளி உண்மையைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. நாங்கதான் செய்றோம், அவங்க விக்கிறாங்க என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா திரும்பி எதிர்ப்பக்கத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்த்தார். "அப்ப பழுதானா நான் யாரக் கூப்பிடணும்?" என்று கேட்டார். கேட்ட சத்தத்தில் அங்கே நின்ற கடைக்காரர்கள் பலருக்கும் அதே கேள்வி வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் எதிர் ஸ்டோலில் ஏறி இறங்கியவர்களும் இந்தப் பக்கம் வந்து, இரண்டு இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓடுகிற இயந்திரத்தடியில் நின்றுவிட்டார்கள்.

கடைசி நாள் மத்தியானத்துக்குள் மட்டக்களப்பு, மாத்தளை, நீர்கொழும்பு, யாழ்ப்பாணம் என்று டீலர்கள் எடுத்துவிட்டார்கள், அக்காவின் பெயரிலேயே. யாழ்ப்பாணத்துக்காரர் லேபலைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். முதலாளி என்னிடம் வந்து, "மிஸ், பட்டறையில எடம் பத்தாது போல," என்றார். அதைச் சொன்ன முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் அழுதேன். ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

பின்னேரம், கண்காட்சி முடிகிற நேரம், எதிர்ப்பக்கத்திலிருந்து மேலாளர் வந்தார். கையில் அந்த ஃபைல். பக்கவாசலில் இன்னும் கூட்டம், தோளோடு தோள் உரசி நின்றார்கள். அவர் அந்தப் பக்கம் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, முன்வாசலுக்கு வந்தார். அங்கே ஒருவரும் இல்லை. கோலம் அப்படியே இருந்தது. விளக்குகள் பற்றரியில் ஆடிக்கொண்டிருந்தன. நடுவில், வைத்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை அசையாமல், நிறைகுடம்.

அவர் கோலத்தின் விளிம்பில் நின்றார். குடத்தைப் பார்த்தார். வெள்ளைக் கம்பளத்தைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோட்டோடு குனிந்து, சப்பாத்துக் கயிறை அவிழ்க்கத் தொடங்கினார்.

அக்கா, வேணாங்க, அப்படியே வாங்க என்று சொல்ல வாயெடுத்தார். நான் அவருடைய கையைப் பிடித்து அழுத்தினேன். அக்கா என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். முதலாளி கதிரையில் உட்கார்ந்திருந்தார். எழும்பவில்லை.

மேலாளர் சப்பாத்தைக் கோலத்துக்கு வெளியே ஒழுங்காகச் சோடியாக வைத்துவிட்டு, காலுறையோடு மேடையில் ஏறி வந்தார். பெருவிரல் பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. நான் பார்க்காததுபோல இருந்தேன். அவர் ஃபைலைத் திறக்கவில்லை.

"எங்கட கஸ்டமர்மாரும் இந்தப் பேரைத்தான் கேக்கினம்," என்றார். "நீங்கள் இந்தப் பேரிலேயே எங்களுக்கும் கொஞ்சம் தர ஏலுமோ?"

நீங்கள் என்றார். எனக்குக் காது குளிர்ந்தது.

"என்னைய கேக்காதீங்க சேர்," என்றார் முதலாளி, உட்கார்ந்தபடியே. "பேரு அவங்களோடது."

மேலாளர் அக்கா பக்கம் திரும்பினார். கை இரண்டையும் முன்னால் கட்டிக்கொண்டு, அக்காவின் பெயரைச் சொல்லி, அதோடு அம்மா என்றும் சேர்த்து, அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார். அக்கா அவசரப்படவில்லை. கையில் ஒட்டியிருந்த மாவை விரல் விரலாகத் துடைத்தார்.

"அங்க சுத்துதே, அந்த மெஷினுல இருக்கிற லேபல முதல்ல எடுங்க," என்றார். "எடுத்துட்டு வாங்க. பேசலாம்."

அவர் தலையாட்டினார். திரும்பிப் போய், கோலத்துக்கு வெளியே குந்தி, சப்பாத்தை மாட்டினார். ஒரு பக்கத்துக் கயிறு முடிச்சு விழுந்து சிக்கிக்கொண்டது. அவர் அதை அவிழ்த்துக் கட்டி எழும்பும்வரை நாங்கள் மூன்று பேரும் மரியாதையாகக் காத்திருந்தோம்.